லயத்து வீடு, ஜிங்க் கூரை: காற்றும் இடியுமா எச்சரிக்கை வர்ற நாளை எப்படிக் கடத்துறது?

லயத்துக்காரி, பாடாங் செராய், கெடா (மலேசியா):

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பருவம் மாறுற நேரம், இடிமழை எச்சரிக்கை ஒரே நாள்ல மூணு நாலு தடவை வருது. எதுக்கு ஓடணும், எதுக்கு உட்கார்ந்து இருக்கணும்னு புரியல.

வீடு பழைய தோட்டத்து லயம். இடுப்பளவு செங்கல், அதுக்கு மேல பலகை, கூரை ஜிங்க். அஞ்சடியை (வாசல் தாழ்வாரத்தை) முன்னால நீட்டி, இரும்புக் குழாய் நட்டு தகரம் போட்டிருக்கு. பின்கட்டுல குளியலறை மட்டும் முழுச் செங்கல், மேல சின்ன கான்கிரீட் கூரை. இடது பக்கம் கோயில் தூங்குமூஞ்சி மரம். வீட்டுல நாலு பேர். மாமியாருக்கு நடக்க முடியும், ஆனா வேகமா முடியாது, இன்சுலின் போடுறாங்க. வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டு.

அமெரிக்காவுல டோர்னாடோ வார்னிங் வந்தா நிலவறைக்குள்ள போங்கன்னு வீடியோ காட்டுறாங்க. நமக்கு ஏது நிலவறை? இங்க அந்த மாதிரி வருமா? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அந்த நாள்ல எதை எப்பச் செய்யணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ரேடார்_பார்ப்பவர்:

தங்கச்சி, முதல்ல எச்சரிக்கையைப் படிக்கிற விதம். வானிலை இலாகா மெட்மலேசியா கொடுக்கிற 'ரிபுட் பெத்திர்' (இடிமழை) எச்சரிக்கை குறுகிய நேரத்துக்கானது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டி, ஒரு மணி நேரத்தைத் தாண்டி நீடிக்கும்னு அறிகுறி தெரிஞ்சா கொடுப்பாங்க. ஒரு எச்சரிக்கையோட ஆயுசு ஆறு மணி நேரத்துக்கு மேல போகாது. அதனால மூணு எச்சரிக்கைன்னா மூணு தனித்தனி ஆட்டம்னு வச்சுக்குங்க. ஒவ்வொண்ணுலயும் மாவட்டப் பேரும் முடியற நேரமும் இருக்கும். வாட்ஸ்ஆப்ல சுத்துற படத்துல இந்த ரெண்டும்தான் வெட்டுப்பட்டுப் போயிருக்கும், பாதி நேரம் அது நேத்து வந்த படமா இருக்கும். மெட்மலேசியாவோட மைச்சுவாச்சா செயலியிலயோ அவங்க இணையத்தளத்திலயோ நேரா பாருங்க. உங்க ஊர் கூலிம் மாவட்டம். கோலமூடாவுக்கு மட்டும் வந்திருந்தாலும் சும்மா இருக்காதீங்க, மேற்கேர்ந்து வர்ற மேகம் அங்க மிதிச்சுட்டுத்தான் உங்க பக்கம் வரும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு வர்றது வேற. அது தொடர் மழைக்கான எச்சரிக்கை. வெள்ளத்துக்கு அதைப் பாருங்க, காற்றுக்கு அதை நம்பி இருக்காதீங்க.

நம்ம பக்கம் ரெண்டு வகை காற்று. ஒண்ணு, ராத்திரி மலாக்கா நீரிணைப் பக்கம் உருவாகி விடியற்காலையில மேற்குக் கரையில ஏறுற நீள வரிசை. சுமத்ரா காற்றுன்னு சொல்றது அதைத்தான். ரப்பர் மரத்துல பால் வெட்டுற நேரமும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் கிளம்புற நேரமும் அதுக்குத்தான் வாய்க்கும். இன்னொண்ணு, வெயில் காய்ஞ்சு மத்தியானத்துக்கு மேல எழும்புறது. பருவம் மாறுற மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்கும், அப்புறம் அக்டோபர் பக்கம், இது அதிகம். ஆக, எச்சரிக்கை நாள்னா நாள் முழுக்க ஆபத்து இல்ல. ஆபத்து ஒவ்வொரு தடவையும் பத்து இருபது நிமிஷம். நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் எல்லா வேலையும் முடிக்கணும்.

ரேடார் படம் பார்க்கிறது கஷ்டமே இல்ல. ஒரே படத்தைப் பார்க்காதீங்க, ஓடவிட்டுப் பாருங்க. சிவப்புப் புள்ளி சிதறிக் கிடந்தா அது சாதா இடிமழை. ஒரு கோடா சேர்ந்து, நடுப்பகுதி வில்லு மாதிரி முன்னால வளைஞ்சிருந்தா, அந்த வளைவுக்கு நேரா இருக்கிற ஊருக்குத்தான் பலத்த காற்று. தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம் வந்துடும்: மணிக்கு 40 கிலோமீட்டர்ல நகர்ற கோடு 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தா உங்களுக்கு அரை மணி நேரம். மழை விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே காற்று வந்துடும்ங்கிறதால அதுல கால் மணியைக் கழிச்சிடுங்க.

டோர்னாடோ விஷயம். அமெரிக்காவுல 'வாட்ச்'னா வர்றதுக்கான சூழல் இருக்குன்னு அர்த்தம். 'வார்னிங்'னா கண்ணால பார்த்தாச்சு, இல்ல ரேடார்ல சுழற்சி தெரிஞ்சாச்சு, உடனே பதுங்குன்னு அர்த்தம். நமக்கு அந்த மாதிரி தனி எச்சரிக்கை கிடையாது. இங்க 'பூத்திங் பெலியோங்'னு சொல்ற சுழல்காற்று வரும், வராம இல்ல. 2019 ஏப்ரல் 1ஆம் தேதி பினாங்கு தஞ்சோங் தோக்கோங்ல கடல்ல எழும்பின சுழல் கரையேறிக் கூரைகளைப் பிச்சது. ஆனா நம்மூர்ச் சுழல் பெரும்பாலும் சின்னது, சில நிமிஷத்துல முடிஞ்சிடும், எந்தத் துறையும் முன்கூட்டிச் சொல்ற அளவுக்கு நேரம் கொடுக்காது. அதுக்காக அலட்சியம் வேணாம். அமெரிக்க அளவுகோல்ல அடிமட்ட டோர்னாடோவே மணிக்கு 105 கிலோமீட்டர்ல ஆரம்பிக்குது, ஆணி தளர்ந்த ஜிங்குக்கு அது தாராளம்.

அதோட, 'சூறாவளி அடிச்சது'ன்னு நாம சொல்றதுல முக்கால்வாசி சுழலே இல்ல. மேகத்துக்குள்ளேர்ந்து குளிர்ந்த காற்று பொத்துனு கீழ விழுந்து தரையில பரவுறது. மறுநாள் பாருங்க, மரமெல்லாம் ஒரே திசையில படுத்திருந்தா நேர்க்காற்று. குறுக்கும் நெடுக்கும் கிடந்தா சுழல். பதுங்குற முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.


கூரைவேலை_கூலிம்:

ஜிங்க் எப்படிப் பறக்குதுன்னு தெரிஞ்சா எதைப் பார்க்கணும்னு தானா புரியும். காற்று கூரைக்கு மேல போகும்போது மேலே இழுக்கும். அதே நேரத்தில காற்று வர்ற பக்கம் கதவு திறந்து கிடந்தா உள்ள புகுந்த காற்று கீழேர்ந்து தள்ளும். ரெண்டும் சேரும்போதுதான் கூரை போகுது. முதல்ல கிளம்புறது நடுப்பகுதி இல்ல. ஓரத் தகரம், முகட்டு மூடி, மூலை, இந்த மூணும்தான். அங்க ஒரு தகரம் தூக்கினா அடுத்தது சீட்டுக்கட்டு மாதிரி வரிசையா வரும்.

உங்க வீட்டுல முதல் ஆபத்து நீட்டின அஞ்சடி. குழாய் பெரும்பாலும் சிமெண்ட் தரையில வெறுமனே உட்கார்ந்திருக்கும், இல்ல ஒரு சாண் ஆழம்தான் போயிருக்கும். கீழ் முனையை ஆட்டிப் பாருங்க, ஆடுச்சுன்னா அது தூண் இல்ல, முட்டு. கூரையோட கனத்தைத் தாங்கும், கூரை மேல எழும்பினா கூடவே எழும்பிடும். குழியில ஒன்றரை அடி, ரெண்டு அடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு நட்டாதான் பிடிக்கும். இன்னொரு விஷயம், அஞ்சடித் தகரத்தை வீட்டுத் தகரத்தோட சேர்த்து அடிச்சிருந்தா அது போகும்போது வீட்டுக் கூரையையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும். தனித் தனியா இருக்கிறது நல்லது.

எச்சரிக்கை இல்லாத ஒரு காய்ஞ்ச நாள்ல ஏணி வச்சு ஓரத்தை மட்டும் பாருங்க, கூரை மேல ஏறாம. ஆணித் தலைக்கும் தகரத்துக்கும் நடுவுல நகம் நுழையுற அளவு இடைவெளி தெரியும், சுத்தி ஒரு துரு வளையம் இருக்கும், ரப்பர் வாஷர் வெடிச்சு ஓரம் சுருண்டிருக்கும். அந்த ஆணி செத்துப் போச்சுன்னு அர்த்தம். அதையே திரும்பச் சுத்தியால அடிச்சா ஒரு வாரம் நிக்கும், அவ்வளவுதான். கட்டையில ஓட்டை ஏற்கெனவே பெருத்திருக்கும். ஒரு அங்குலம் தள்ளி வாஷர் வச்ச கூரை ஸ்க்ரூ போடணும், தகரத்தோட மேட்டுல, பள்ளத்துல இல்ல. மரக்கட்டைக்குள்ள குறைஞ்சது ஒரு அங்குலம் இறங்கணும், அதனால 2 அங்குல ஸ்க்ரூ பத்தாது, மேட்டு உயரத்தையும் சேர்த்து 2½ வாங்குங்க. நடுப்பகுதியில ஒண்ணு விட்டு ஒரு மேடு போதும். ஓரத்திலயும் முகட்டிலயும் ஒவ்வொரு மேட்டுக்கும் போடுங்க. வாஷர் லேசா அமுங்கினதும் நிறுத்திடணும். பிதுங்கி வெளிய வந்தா அந்த ஓட்டை அடுத்த மழையிலயே ஒழுகும்.

ஸ்க்ரூ மாத்திட்டோம்னு நிம்மதியா இருந்தா, கட்டையோட சேர்ந்து மொத்தமா தூக்கிட்டுப் போறதும் உண்டு. கைமரம் சுவர்மேல் கட்டையில உட்கார்ற இடத்துல வெறும் ரெண்டு ஆணிதான் இருக்கும். அந்த இடத்துல கால்வனைஸ் பட்டையைக் கைமரத்துக்கு மேலால சுத்தி ரெண்டு பக்கமும் இறக்கி அடிங்க. செலவு கம்மி, பலன் அதுலதான் அதிகம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸா இருந்தா துளை போடாதீங்க, மேல கால் வைக்காதீங்க.


பத்துகாவான்_ராசா:

எங்க பக்கம் எல்லாரும் பழைய லோரி டயரு, மணல் மூட்டை தூக்கிக் கூரை மேல போட்டுடுவாங்க, பறக்காது. காத்து அடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஜன்னலைத் திறந்து விட்டா அழுத்தம் சமமாயிடும்னும் சொல்வாங்க. அதையும் செஞ்சு பாருங்க.


கூரைவேலை_கூலிம்:

ராசா, ரெண்டையும் மறுக்கணும், கோவிச்சுக்காதீங்க.

கட்டாம வச்ச டயர் தகரத்தைப் பிடிக்காது. தகரம் கிளம்பும்போது டயரும் கிளம்பும், அப்புறம் அது பக்கத்து வீட்டுக்காரர் தலைக்கு வர்ற சாமான். செங்கல், பூந்தொட்டி எல்லாம் அதே கணக்கு. எடை போட்டுத்தான் ஆகணும்னா மணல் மூட்டையை ரெண்டு ரெண்டா கயிற்றால இணைச்சு, முகட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற மாதிரி போடணும். கயிறு முகட்டு மேல தாண்டி இருந்தா ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிக்கும். அதுவும் ஸ்க்ரூ போடற வரைக்கும் ஒரு ஒப்பேத்தல், அவ்வளவுதான். நைலான் கயிறு வெயில்ல சில மாசத்துல பொடிஞ்சிடும். வானம் கறுத்த பிறகு இதுக்காக ஏணி ஏறவே கூடாது.

ஜன்னல் திறக்கிறது பழைய நம்பிக்கை, டோர்னாடோ ஊர்லயே கைவிட்டுட்டாங்க. வீடு காற்றழுத்தத்துல வெடிக்கிறது இல்ல. உள்ள புகுந்த காற்றுதான் கூரையைத் தள்ளுது. எல்லாத்தையும் சாத்தித் தாழ் போடுங்க. லயத்துல சுவருக்கும் கூரைக்கும் நடுவுல காற்றுக்காக விட்ட இடைவெளி இருக்கும், அதை அடைக்க முடியாது, பரவாயில்ல. வாசல் கதவு ஒண்ணு சாத்தினாலே நிறைய வித்தியாசம். தாழ்ப்பாள் பலமில்லன்னா குறுக்கே ஒரு கட்டை கொடுங்க.


வயர்மேன்_எஸ்பி:

கரண்ட் விஷயம் நான் சொல்றேன். பிளக்கைப் பிடுங்குற நேரம் முதல் இடிச் சத்தம் தூரத்துல கேட்கிறப்போ. தலைக்கு மேல வெளிச்சம் அடிக்கிறப்போ போய்ப் பிளக்கைத் தொடாதீங்க. சுவிட்சை மட்டும் அணைக்கிறது போதாது, சுவிட்சுக்குள்ள இருக்கிற இடைவெளி ஒரு சில மில்லிமீட்டர், மின்னலுக்கு அது தாண்டக்கூடிய தூரம். டிவி, பிரிஜ், வாஷிங் மெஷின், மோடம். அஸ்ட்ரோ டிஷ்லேர்ந்து வர்ற ஒயரையும் பெட்டியிலேர்ந்து கழட்டிடுங்க, நிறைய பேர் கரண்ட் பிளக்கைக் கழட்டிட்டு அதை மறந்துடறாங்க, பெட்டி அந்த வழியா எரியுது. ஃபைபர் ஒயர் கண்ணாடி, அது மின்சாரம் கடத்தாது, ஆனா மோடத்தோட அடாப்டர் கடத்தும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணுங்க. மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30க்குள்ள இடி கேட்டா 10 கிலோமீட்டருக்குள்ள வந்தாச்சு, எல்லாரும் உள்ள இருக்கணும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் போன பிறகுதான் வெளிய. மழை விட்டதும் துணி எடுக்க ஓடுற அந்தப் பத்து நிமிஷத்துல அடிக்கிற மின்னல் நிறைய.

இடிக்கு ஈஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா தானா வெட்டுற மெயின் சுவிட்ச்) விழுந்தா இப்படிப் பண்ணுங்க. கை காய்ஞ்சிருக்கணும், காலுக்கு ரப்பர் செருப்பு. பெட்டியில சின்ன சுவிட்ச் எல்லாத்தையும் இறக்குங்க. ஈஎல்சிபியை ஏத்துங்க. நின்னா, சின்னதை ஒண்ணொண்ணா ஏத்துங்க. எதை ஏத்தும்போது விழுதோ அந்த லைன்லதான் கோளாறு, அதை இறக்கியே விட்டுட்டு மத்ததைப் பயன்படுத்துங்க. கூரை ஒழுகி விளக்கு வழியா தண்ணி இறங்கினா பெரும்பாலும் விளக்கு லைன்தான் விழும், காயறதுக்கு ஒரு நாள் கூட ஆகலாம். சின்ன சுவிட்ச் எல்லாம் இறக்கியும் ஈஎல்சிபி நிக்கலன்னா உடனே அது கெட்டுப் போச்சுன்னு மாத்தக் கூடாது. சின்ன சுவிட்ச் லைவ் ஒயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொடர்ந்து இருக்கும். ஈரத்துல நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்தா அப்பவும் விழும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிட்டு இன்னொரு தடவை ஏத்திப் பாருங்க. அப்பவும் விழுந்தா வயர்மேனைக் கூப்பிடுங்க. ஈஎல்சிபியை ஒயர் போட்டுத் தாண்டி விடறது மட்டும் வேண்டாம், ஈரப் பலகைச் சுவர்ல அது உயிரோட விளையாடறது.

மாசம் ஒரு தடவை 'டெஸ்ட்' பொத்தானை அமுக்குங்க. விழலன்னா அது வெறும் அலங்காரம். வீட்டு ஈஎல்சிபி பொதுவா 100 மில்லியாம்பியர். வாட்டர் ஹீட்டருக்குத் தனியா 10 மில்லியாம்பியர் இருக்கணும், பழைய லயத்துல பாதிக்கு மேல இருக்காது.

ஜெனரேட்டர் வச்சிருக்கிறவங்க: அஞ்சடியிலயும் சமையல்கட்டுலயும் ஓட்டாதீங்க, வீட்டுலேர்ந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, புகை போற பக்கம் ஜன்னல் இல்லாம. அதோட கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரெண்டு தலைப் பிளக் செஞ்சு சுவர்ல சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கிற வேலையைச் செய்யாதீங்க. அது வெளிக்கம்பிக்குத் திரும்பிப் போய், கம்பத்துல ஏறி நிக்கிற ஆளைக் கொல்லும்.

அறுந்த கம்பியைப் பார்த்தா 10 மீட்டர் தள்ளி நில்லுங்க, மின்சார வாரியம் டிஎன்பியோட 15454க்கு அடிங்க, யாராவது மாட்டியிருந்தா அவசர நம்பர் 999. முறுக்கின கறுப்புக் கம்பிக்கு மேலுறை இருக்கு, தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. மரம் விழுந்து இழுத்த கம்பியில உறை எங்க கிழிஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியாது.


ஆறாம்_நம்பர்_மண்டோர்:

அவங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. குலை வெட்டுற அலுமினியக் கம்பை இடி கேட்டதும் தரையில படுக்க வச்சுட்டு அதை விட்டுத் தள்ளி வரணும். நிமித்திப் பிடிச்ச கம்பு ஆளைவிடப் பல மடங்கு உயரம், மின்னலுக்கும் அதுதான் முதல் இலக்கு, பிளாக் ஓரத்துல போற 11,000 வோல்ட் கம்பிக்கும் அதுதான் எட்டும். மழை நின்னதும் அவசரத்துல கம்பி இருக்கிற வரிசையிலேயே வெட்டு தொடங்குறதுதான் பெரிய தப்பு. ஈரக் கம்பு, ஈரக் கை.

பிளாக்குக்குள்ள நாலு கால்ல தகரம் போட்ட பொண்டோக் மழைக்குத்தான், மின்னலுக்கு இல்ல. கதவு மூடின லோரி கேபின்ல உட்காரலாம், திறந்த டிராக்டர்ல கூடாது. எதுவும் இல்லன்னா தாழ்வான இடத்துல, மரத்தை விட்டுத் தள்ளி, ரெண்டு காலையும் சேர்த்துக் குந்துங்க, படுக்காதீங்க. பல பேர் இருந்தா கூட்டமா நிக்காம பிரிஞ்சு நில்லுங்க, ஒருத்தர் விழுந்தா மத்தவர் தூக்க ஆள் இருக்கணும். மின்னல் தாக்கின ஆள் உடம்புல கரண்ட் தங்காது, தயங்காம தொடலாம். மூச்சு இல்லன்னா 999க்கு அடிச்சுட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்குங்க, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை.

காற்றுல செம்பனை வேரோட சாயுறது குறைவு, மட்டை விழும், காய்ஞ்ச மட்டை ஒரு ஆளை வீழ்த்தப் போதும். ரப்பர்க் காடு அப்படி இல்ல, கவட்டையில ரெண்டா பிளந்து பாதை மேல விழும், சத்தம் கேட்கிறதுக்குள்ள. அந்த நேரம் ரப்பர் வரிசைக்குள்ள மோட்டார் ஓட்டவே கூடாது. ஆபீஸோ, கடை வரிசையோ, சுராவோ (முஸ்லிம் தொழுகைக் கூடம்), செங்கல் கட்டடம் எது கிட்டயோ அங்க நிறுத்திட்டு நில்லுங்க. லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) நிரம்பி ரோட்டு மேல தண்ணி ஓடினா முழங்காலுக்குக் கீழ இருந்தாலும் மோட்டாரைத் தள்ளிக்கிட்டுக் கூட இறங்காதீங்க. ஓடுற தண்ணி 15 சென்டிமீட்டர் இருந்தாலே காலை வாரும், 30ல சின்னக் காரைத் தூக்கும். பாலத்தடிக் குழாய் எங்க இருக்குன்னு அப்போ தெரியாது.


லயத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அஞ்சடிக் குழாயை ஆட்டிப் பார்த்தேன், ரெண்டு ஆடுது. ரெண்டு கேள்வி. குளியலறையில பதுங்கலாமா? இடி நேரத்துல குழாய் பக்கம் போகாதேன்னும் சொல்றாங்களே. அப்புறம், கரண்ட் ஒரு நாள் இல்லன்னா அத்தையோட இன்சுலின்?


ரேடார்_பார்ப்பவர்:

கேள்வி சரியான இடத்துல நிக்குது. இடிக்கு மட்டும்னா குளியலறை வேணாம், குளிக்கவோ பாத்திரம் கழுவவோ வேணாம், வீட்டு நடுவுல உட்கார்ந்தா போதும். காற்று பிய்க்க வந்த அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் கணக்கு மாறுது. அப்போ பறக்கிற தகரமும் விழற கட்டையும்தான் பெரிய ஆபத்து, குழாய் வழியா மின்னல் வர்றது அதைவிடக் குறைவு. அதனால அந்த நேரத்துக்கு உங்க செங்கல் அறைதான் நிலவறை. குழாயைத் தொடாம, சுவர்ல சாயாம, நடுவுல குந்துங்க. அத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி காலையிலேயே உள்ள போட்டு வச்சிடுங்க, தரை ஈரமா இருந்தா ஒரு சாக்கு விரிச்சிடுங்க. நாலு பேருக்கும் மோட்டார் ஹெல்மெட், வாரைப் போட்டே ஆகணும். காலுக்குச் செருப்பு இல்ல, ஷூ. வெளிய வரும்போது தரையெல்லாம் ஆணி மேல நோக்கிக் கிடக்கும். ஒரு மெத்தையோ கனத்த போர்வையோ தலைக்கு மேல.

எப்ப எழுந்து போகணும்னா, கொதிச்சுக்கிட்டு இருந்த காற்று சட்டுனு குளிர்ந்து ஒரே பக்கமிருந்து அடிச்சா, மேகத்தோட அடிப்பக்கம் கறுப்பு அலமாரித் தட்டு மாதிரி நீளமா கிட்ட வந்தா, இல்ல விடாம உறுமுற சத்தம் கேட்டா. அத்தைக்கு நேரம் ஆகும்னா ரேடார்ல கோடு கால் மணித் தூரத்துல இருக்கும்போதே அவங்களை நகர்த்திடுங்க. ஜன்னல்ல நின்னு வீடியோ எடுக்க ஒருத்தர் எப்பவும் மிச்சம் இருப்பார், அவரையும் சேர்த்து.

கோயில் மரத்தோட உயரத்தைப் பாருங்க. தூங்குமூஞ்சிக்கு உயரத்தைவிடக் கிளை விரிவுதான் ஆபத்து. அடிமரத்துல காளான், ஒரு பக்கம் மண் வெடிச்சுத் தூக்கியிருக்கிறது, புதுசா ஒரு சாய்வு, இதுல எது இருந்தாலும் கோயில் கமிட்டியும் தோட்ட ஆபீஸும் சேர்ந்து ஆள் வச்சு வெட்டணும். அதுவரைக்கும் எச்சரிக்கை நாள்ல இடது அறையில யாரும் படுக்க வேணாம். குளியலறையே மரம் விழற எல்லைக்குள்ள இருந்தா, பக்கத்துல இருக்கிற கான்கிரீட் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாலேயே சொல்லி வச்சு, இடைவெளியிலேயே அத்தையை அங்க கொண்டு போய் விட்டுடுங்க.


மிஸ்ஸி_பழைய_கிளினிக்:

இன்சுலினுக்குப் பயப்படாதீங்கம்மா. இப்போ போட்டுக்கிட்டு இருக்கிற பேனாவோ குப்பியோ பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழ 28 நாள் வரைக்கும் வெளியில இருக்கலாம். வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள்ள இருக்கிற தாள்ல உங்களோடது எத்தனை நாள்னு பாருங்க. பிரச்சினை ஜிங்க் கூரைக்குக் கீழ மத்தியானம் 30ஐத் தாண்டிடும். மண் சட்டிக்குள்ள ஈர மணல் போட்டு, நடுவுல சின்னச் சட்டி வச்சு, அதுக்குள்ள பிளாஸ்டிக்ல கட்டின மருந்தை வைங்க, மேல ஈரத்துணி, காற்று படற நிழல்ல. மணல் காய விடாதீங்க. பிரிக்காத புதுப் பெட்டி மட்டும் பிரிஜ்லேயே இருக்கட்டும். கதவைத் திறக்காம விட்டா நாலு மணி நேரம் குளிர் நிக்கும். ஐஸ்கட்டி மேல நேரா வைக்காதீங்க. உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாது, தூக்கிப் போட்டுடணும். பால் மாதிரி இருக்கிற வகையை உருட்டின பிறகும் கட்டி கட்டியா தெரிஞ்சா அதுவும் வேண்டாம்.

இதைவிட முக்கியம் சாப்பாடு. ஊசி போட்ட பிறகு காற்று வந்து அடுப்பு மூட்ட முடியாம போனா ரத்தத்துல சீனி இறங்கிடும். அதனால சோறு தயாரா கையில இருக்கும்போதுதான் ஊசி. குளியலறைக்குப் போற பையில ஒரு சின்ன டப்பா சீனி, தண்ணி போத்தல், பிஸ்கட். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினா மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க, கால் மணிக்கப்புறம் திரும்பப் பாருங்க. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, 999. அதே பையிலேயே மருந்துச் சீட்டு, ஐசி (அடையாள அட்டை), சார்ஜ் ஏத்தின பவர் பேங்க். தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு வச்சு காலையிலேயே பிடிச்சுடுங்க.


கூரைவேலை_கூலிம்:

கூரை போயிட்டாலும்னு சேர்த்துச் சொல்லிடறேன். எதையும் நகர்த்துறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுங்க. வெளியிலேர்ந்து நாலு பக்கம், உள்ளேர்ந்து கூரை, நனைஞ்ச சாமான் தனியா. அப்புறம் கான்வாஸ். தார்பாயை ஓரத்து வளையத்துல கயிறு போட்டு மட்டும் கட்டினா அடுத்த காற்றுக்கு வளையம் கிழிஞ்சு பாய் கொடியா பறக்கும். ஓரத்தை 1 அங்குலத்துக்கு 2 அங்குலக் கட்டையில ரெண்டு சுத்து சுத்தி, அந்தக் கட்டையைக் கைமரத்துல ஸ்க்ரூ போடுங்க. பாய் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கணும், முகட்டோட நின்னா தண்ணி அடியில புகுந்திடும். ஈரத் தகரத்துல ஏறாதீங்க, இடி முடிஞ்சு தகரம் காய்ஞ்ச பிறகு வேலையாள் வச்சே செய்யுங்க.

லயம் தோட்டத்துக்குச் சொந்தமா இருந்து, வீட்டுக்காரர் அங்க வேலையில இருந்தா பழுது பார்க்கிறது நிர்வாகத்தோட கடமை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 அதுக்குத்தான் இருக்கு. வாய்ல சொல்லிட்டு வராதீங்க, படத்தோட எழுதிக் கொடுத்து ஒரு நகலை வச்சுக்குங்க. பதில் வரலன்னா தொழிலாளர் இலாகா. ஆடுற அந்த ரெண்டு குழாயையும் இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க, காற்று வந்த பிறகு 'நீங்களே நீட்டின அஞ்சடி'ன்னு கையை விரிப்பாங்க. நீங்களே நீட்டினதுதான்னா காத்திருக்காம இந்த வாரமே கான்கிரீட் போடுங்க, இல்ல அந்தத் தகரத்தைக் கழட்டி இறக்கி வச்சிடுங்க.

தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) சொந்த வீடு வச்சிருக்கிற மத்தவங்களுக்கு: வெறும் தீக் காப்புறுதியில தீ, மின்னல், வீட்டு காஸ் வெடிப்பு இதுதான் அடங்கும், காற்றுக்குத் தனியா சேர்த்திருக்கணும். 'ஹவுஸ் ஓனர்' பாலிசின்னா காற்றும் வெள்ளமும் உள்ள இருக்கும். பாலிசித் தாளை எடுத்து எதுன்னு பார்த்துக்குங்க.


லயத்துக்காரி:

நாங்க நீட்டினதுதான் அண்ணே. இந்த வாரம் அவருக்கு ஓய்வு நாள்ல தகரத்தைக் கழட்டச் சொல்லிட்டேன். குழிக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?


கூரைவேலை_கூலிம்:

ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம், ரெண்டு அடி ஆழம்னா ஒரு குழிக்கு 2 கன அடி. ஒரு பங்கு சிமெண்ட், ரெண்டு மணல், நாலு ஜல்லின்னு கலந்தா ஒரு 50 கிலோ மூட்டை ரெண்டு குழிக்குத் தாராளமா வரும். குழாயோட அடியில ஒரு துளை போட்டு இரும்புக் கம்பியைக் குறுக்கே சொருகி வைங்க, கான்கிரீட்டுக்குள்ள வழுக்கி மேல வராது. ஏழு நாள் காய விட்டுட்டு அப்புறம் தகரம் ஏத்துங்க.